முதற்காரணம்: மண்ணா, குயவனா?

தை அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு வந்து திண்ணையில் சாயும் என் பெரியப்பாவிடம் "எப்படி இந்த வருஷம்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "முதலே தேறலடா தம்பி." உழவு, விதை, உரம், அறுப்பு மெஷின் வாடகை என்று போட்ட பணம்கூடத் திரும்பவில்லை என்று அர்த்தம். முத்துப்பேட்டைப் பக்கம், கோரையாற்றின் கடைமடையில் அவருக்கு ஒன்பது மா நிலம்.

அந்த 'முதல்' லேசான சொல் இல்லை. வரிசையில் ஒன்றாவதாக நிற்பதும் முதல், தொழிலில் போட்டதும் முதல். பிரபஞ்சத்துக்கு, தனக்கென்று காரணம் எதுவும் இல்லாத ஒரு முதல் காரணம் வேண்டுமா என்ற கேள்வியைத் தமிழில் கேட்கப் போனால் வாசலிலேயே இந்தச் சொல் காலை இடறுகிறது. 'முதற்காரணம்' என்பது நம் தர்க்க நூல்களில் ஏற்கெனவே வேறு பொருளில் குடியிருக்கிறது. பானைக்கு முதற்காரணம் மண். சக்கரமும் அதைச் சுழற்றும் கோலும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். ஆக, 'முதற்காரணம் கடவுள்' என்று இன்று எழுதுகிறவர், பழைய கணக்கின்படி 'கடவுள்தான் மண்' என்று எழுதுகிறார். மொழிபெயர்ப்பில் வந்த குழப்பம் என்று தள்ளிவிடலாம்தான். எனக்கென்னவோ, கேள்வியின் பாதிச் சிக்கல் இங்கேயே இருக்கிறது என்று படுகிறது.

சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து முதலில் மெழுகில் உருவம் செய்கிறார் ஸ்தபதி. அதன்மேல் காவிரி வண்டலைக் குழைத்துப் பூசுகிறார். மாவு போல அவ்வளவு நைசான மண். மெழுகில் இருக்கும் நகக்கீறல்கூட அதில் பதியும். காய்ந்ததும் கனமான மண்ணை அடுக்கடுக்காகப் பூசி, கம்பி கட்டி, சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறவிட்டு, மண்ணை உடைக்கிறார்கள். இந்தச் சிலைக்குக் காரணம் எது? செம்பும் பித்தளையும் முதற்காரணம், அச்சும் உளியும் துணை, ஸ்தபதி நிமித்தம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சிலை கிடையாது. 'காரணம்' என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால் மூன்றில் எதைக் கேட்கிறோம் என்பதே மறைந்துபோகும்.

சைவ சித்தாந்தம் இந்த மூன்றையும் விடாமல் பிடித்துக்கொண்டது. தென்பெண்ணைக் கரைத் திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞான போதம் பன்னிரண்டே சூத்திரம். அதற்கு மாபாடியம் என்ற பேருரை எழுதிய சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் நம் திருவாவடுதுறை ஆதீனத்தில் இருந்தவர். முதல் சூத்திரம் உலகத்தை 'அவன் அவள் அது' என்று மூன்று சுட்டில் அடக்கி, தோன்றி நின்று ஒடுங்குவது என்று சொல்கிறது. பிறகு 'அந்தம் ஆதி' என்று முடிக்கிறது. ஒடுக்கியவன் எவனோ அவனே மறுபடி தோற்றுவிப்பவன். அந்த 'மறுபடி'யைக் கவனியுங்கள். உலகம் ஒரே ஒரு முறை தொடங்கியது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. உலகம் மாயை என்ற மூலப்பொருளிலிருந்து தோன்றி மாயையிலேயே ஒடுங்குகிறது. மாயைதான் முதற்காரணம், சத்தி துணை, சிவன் நிமித்தம்.

திருவாவடுதுறையில் தவமிருந்ததாகச் சொல்லப்படும் திருமூலர் இன்னும் நேராகவே சொல்லிவிட்டார்: 'பதியினைப் போற்பசு பாசம் அனாதி'. கடவுளுக்கு எப்படித் தொடக்கம் இல்லையோ, அப்படியே உயிர்களுக்கும் தளைகளுக்கும் தொடக்கம் இல்லை. அதாவது காரணமில்லாமல் இருப்பது ஒன்றல்ல, மூன்று வகை. பிறகு கடவுள் எதற்கு? மாயை சடம், தானாக அசையாது. உயிர் தனக்கான உடம்பைத் தானே எடுத்துக்கொள்ளாது. ஆகவே அறிவுள்ள ஒருவன் வேண்டும். இதுதான் வாதம். 'எல்லாம் எப்போதோ தொடங்கியிருக்க வேண்டுமே' என்ற கவலையே இதில் இல்லை. நம் ஊர் ஆத்திகத்தை ஐரோப்பிய ஆத்திகத்தின் தமிழ்ப்பதிப்பாக நினைத்து வாதாடுகிறவர்கள், இரண்டு தரப்பிலும், தவறவிடுவது இதைத்தான்.

தொடக்கம் பற்றிய கவலை யாருடையது என்றால், நாகூர்ப் பக்கம் போக வேண்டும். நாகூர்க்காரர்களே கண்டுபிடித்தது என்று சொல்ல வரவில்லை. இஸ்லாமிய உலகத்தின் கலாம் என்ற இறையியல் வாத மரபு அது. அதில் இங்கே எல்லோருக்கும் தெரிந்த பெயர் இமாம் கஸ்ஸாலி, காலம் 1058 முதல் 1111 வரை. வாதம் மூன்று வரி: தொடங்குவது எதுவானாலும் அதற்கு ஒரு காரணம் உண்டு, உலகம் தொடங்கியது, எனவே உலகத்துக்குக் காரணம் உண்டு. 'எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு' என்று இதில் எங்கேயும் இல்லை, 'தொடங்குவதற்கு' என்றுதான் இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் "அப்போ கடவுளைப் படைச்சது யாருங்க?" என்று கேட்டு எதிராளியை மடக்கிவிட்டதாகச் சிரிப்பவர், யாருமே சொல்லாத வாக்கியத்தை மடக்கியிருக்கிறார். நானே பல வருடம் அப்படிச் சிரித்தவன்தான்.

சரி, உலகம் தொடங்கியது என்று கஸ்ஸாலிக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் அவர் ஒரு அழகான கணக்குப் போடுகிறார். அதை நாகூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் திருநள்ளாற்றில் வைத்துச் சொன்னால் யாருக்கும் புரியும். சனி ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருடம், பன்னிரண்டு ராசிக்கு முப்பது வருடம். சூரியன் வருடத்துக்கு ஒரு சுற்று. உலகம் அனாதி என்றால் இரண்டும் இதுவரை எண்ணற்ற சுற்று முடித்திருக்க வேண்டும். ஆனால் சனியின் சுற்று சூரியனுடையதில் முப்பதில் ஒரு பங்கு. எண்ணற்றதில் முப்பதில் ஒரு பங்கும் எண்ணற்றதா? அந்த எண்ணிக்கை ஒற்றைப்படையா, இரட்டைப்படையா? பதில் சொல்ல முடியாததால் அனாதி என்பதே அபத்தம் என்கிறார்.

எட்டு நூற்றாண்டு கழித்து, 1870களில் தொடங்கி கேன்டர் என்ற கணிதர், முடிவிலியின் ஒரு பகுதி முழுமைக்குச் சமமாக இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை என்று நிறுவினார். சூரியனின் ஒவ்வொரு முப்பதாவது சுற்றையும் சனியின் ஒரு சுற்றோடு ஜோடி சேர்ப்பது போல, சூரியனின் ஒவ்வொரு சுற்றோடும் சனியின் ஒரு சுற்றை ஜோடி சேர்க்கலாம், ஒன்றும் மிஞ்சாது. வினோதம்தான், ஆனால் பிழை இல்லை. 1979இல் இந்த வாதத்துக்கு மறுபடி உயிர் கொடுத்த அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் லேன் கிரெய்க், கணிதத்தில் முடிவிலி இருக்கட்டும், நிஜத்தில் இருக்க முடியாது என்கிறார். முடிவில்லாத நாட்களைக் கடந்து இன்றைய நாள் எப்படி வந்து சேர்ந்தது என்றும் கேட்கிறார். இந்தக் கேள்வியில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. 'எங்கிருந்தோ புறப்பட்டு' வருவதாக நினைத்தால்தான் வந்து சேர முடியாது. புறப்பட்ட இடமே இல்லை என்பதுதானே எதிர்த்தரப்பு சொல்வது? கடந்த காலத்தில் எந்த நாளை எடுத்தாலும் அதிலிருந்து இன்றுவரை எண்ணக்கூடிய தூரம்தான். பெரியப்பாவின் விதைநெல் போன வருட நெல்லிலிருந்து, அது அதற்கு முந்தைய வருடத்திலிருந்து. இந்த வரிசை எவ்வளவு பின்னால் போனாலும் இன்றைய நாற்றங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. தாத்தாவின் காலத்து நெல் அழிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இது தானாக முளைக்கிறது.

தாமஸ் அக்குவினாஸ் என்ற கிறித்தவ இறையியலாளருக்கு, 13ஆம் நூற்றாண்டிலேயே, இது தெரிந்திருந்தது. உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை வேதத்தால் நம்பலாமே தவிர அறிவால் நிரூபிக்க முடியாது என்று அவர் எழுதினார். அப்புறம் அவருடைய முதற்காரணம் எங்கிருந்து வருகிறது? வேறு வகை வரிசையிலிருந்து. நான் அதைத் திருவாரூர்த் தெற்கு வீதியில்தான் புரிந்துகொண்டேன்.

ஆழித்தேர் 96 அடி உயரம், 300 டன் அளவு எடை என்பார்கள். 'ஆரூரா, தியாகேசா' என்ற கூச்சலுக்கு நடுவே வடத்தில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். வடம் விறைத்துக் கல் மாதிரி இருக்கும். தேரை இழுப்பது வடத்தின் கடைசி முழம். அதை இழுப்பது அதற்கு முந்தைய முழம். இந்த வரிசை விதைநெல் மாதிரி இல்லை. முன்னால் இழுக்கும் கை நழுவினால் அந்தக் கணமே பின்னால் எல்லாம் தொய்ந்துவிடும். ஒவ்வொரு முழமும் கடன் வாங்கிய இழுப்பைத்தான் கடத்துகிறது, தன்னுடையது என்று எதுவும் இல்லை. ஆகவே, யாரும் இழுக்காத வடத்தை முடிவில்லாத நீளத்துக்கு நீட்டினாலும் தேர் நகராது. அக்குவினாஸ் கேட்பது இந்த வகை முதல். முன்னொரு நாள் இருந்தது அல்ல, இப்போது இந்த நொடி தாங்கிக்கொண்டிருப்பது. கை அசைத்தால்தான் கோல் அசையும் என்று அவர் சொன்னதை நான் வடத்துக்கு மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

வாதம் வலுவானது. ஆனால் தேரைச் சுற்றி வந்தால் மூன்று இடத்தில் ஓட்டை தெரியும். ஒன்று, வடத்தின் முனையில் ஒரு ஆள் இல்லை, ஆயிரக்கணக்கானவர்கள். கடன் வாங்காத இழுப்பு எங்கேயோ இருந்தாக வேண்டும் என்பதிலிருந்து அது ஒரே ஒன்று என்பது வராது. இரண்டு, இப்போதெல்லாம் தேருக்குப் பின்னால் புல்டோசர் தள்ளுகிறது. அதற்கு மனமும் இல்லை, பக்தியும் இல்லை. முதலில் அசைப்பது அறிவுள்ளதாக இருக்க வேண்டும் என்பதும் தனியாக நிரூபிக்க வேண்டிய விஷயம். மூன்றாவதுதான் முக்கியம்: சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள். நகர ஆரம்பித்த தேரை நிறுத்தத்தான் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. அசைவு தொடர்வதற்குக் காரணம் வேண்டாம், மாறுவதற்குத்தான் வேண்டும் என்று நியூட்டனின் முதல் விதி சொல்வதை அந்த முட்டுக்கட்டைக்காரர் உடம்பால் அறிந்தவர். அசைவது எதுவும் இந்த நொடி அசைக்கப்பட்டாக வேண்டும் என்ற அரிஸ்டாட்டில் காலத்து இயற்பியல் அங்கேயே விழுந்துவிட்டது.

தேர் ஏன் நகர்கிறது என்பதை விடுங்கள், தேர் என்று ஒன்று ஏன் இருக்கிறது என்று கேட்டவர் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ். எதுவுமே இல்லாமல் இருப்பதற்குப் பதில் ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1714இல் எழுதினார். 1948இல் பிபிசி வானொலியில் காப்பிள்ஸ்டன் என்ற பாதிரியார் ஏறக்குறைய இதையே கேட்டபோது ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு என்பதால் மனித இனத்துக்கே ஒரு தாய் உண்டு என்றாகுமா என்பது அவருடைய எதிர்க்கேள்வி. கெட்டிக்காரத்தனமான பதில், ஆனால் கேட்டவரின் கேள்வி அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

பூம்புகாரில் பௌத்தர்கள் இதை வேறு மாதிரி கையாண்டார்கள். மணிமேகலை சொல்லும் சார்பின் தோற்றத்தில், அதாவது ஒன்றைச் சார்ந்து இன்னொன்று தோன்றும் சங்கிலியில், பன்னிரண்டு கண்ணி உண்டு: பேதைமை, செய்கை, உணர்வு என்று தொடங்கி, வேட்கை, பற்று வழியாகத் தோற்றம், வினைப்பயன் வரை. பேதைமை பட்டியலில் முதலில் வந்தாலும் அது காரணமற்ற முதல் இல்லை; சங்கிலி வட்டமாகச் சுற்றுகிறது. கடல், மேகம், குடகுமழை, காவிரி, மறுபடி கடல் என்பதில் எது முதல் என்று கேட்டால் என்ன சொல்வது? ஆனால் அந்தப் பன்னிரண்டும் துன்பம் எப்படி வருகிறது என்பதற்கான விளக்கம், பிரபஞ்சம் எப்படி வந்தது என்பதற்கு அல்ல. தவிர, நீர் வட்டத்தைச் சுழற்றச் சூரியன் என்று ஒன்று வட்டத்துக்கு வெளியே தேவைப்படுகிறது.

இனி அறிவியல். பிரபஞ்சம் விரிகிறது, பின்னோக்கிக் கணக்கிட்டால் சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் எல்லாம் மிக அடர்ந்து, மிகச் சூடாக இருந்தது. அந்தச் சூட்டின் மிச்சத்தை 1964இல் பென்சியாஸும் வில்சனும் நுண்ணலையாகப் பிடித்தார்கள். பெருவெடிப்புக் கருத்துக்கு வித்திட்ட லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். ஆனாலும் 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இதைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. காரணம் இருக்கிறது. கல்கத்தாவின் இயற்பியலாளர் ராய்சௌதுரி 1955இல் எழுதிய சமன்பாட்டை அடித்தளமாக வைத்துப் பென்ரோஸும் ஹாக்கிங்கும் காட்டியது, ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைப் பின்னோக்கி ஓட்டினால் ஓரிடத்தில் அது நின்றுவிடும் என்பதை. கோட்பாடு நிற்கும் இடமும் பிரபஞ்சம் தொடங்கிய இடமும் ஒன்றுதானா என்பது இன்னும் தீராத வழக்கு. 1983இல் ஹார்ட்டிலும் ஹாக்கிங்கும், காலத்துக்கே ஓரம் இல்லாத கணித மாதிரி ஒன்றை முன்வைத்தார்கள். அதில் 'அதற்கு முன்' என்பது தென் துருவத்துக்குத் தெற்கே எது என்று கேட்பது போல.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் அகத்திணைக்காகச் சொன்னது. அதற்கும் அண்டவியலுக்கும் சம்பந்தம் இல்லை, யாராவது 'அன்றே சொன்னார்கள்' என்று கிளம்பிவிட வேண்டாம். ஆனாலும் அந்தச் சொல் எனக்கு உதவுகிறது. இடமும் காலமும் ஒரு மேடை, அதன்மேல் காரணங்கள் ஒன்றையொன்று தொடர்கின்றன என்றுதான் நாம் நினைக்கிறோம். மேடையே சரக்கில் ஒன்று என்றாகிவிட்டால், 'அதற்கு முந்தைய காரணம்' என்ற பேச்சுக்கு நிற்க இடம் இல்லை.

காரணமே இல்லாமல் ஏதாவது நடக்குமா என்பவர்கள் ஒரு பொட்டாஷ் மூட்டையைப் பார்க்கலாம். சம்பாவுக்கு மேலுரமாகப் பெரியப்பா தெளிக்கும் அதே 50 கிலோ மூட்டைதான். இயற்கையில் கிடைக்கும் பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஓர் அணு அளவுக்குப் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை கலந்திருக்கிறது. ஒரு கிராம் பொட்டாசியத்தில் வினாடிக்குச் சுமார் 30 அணு சிதைகிறது. அந்த மூட்டைக்குள் வினாடிக்கு ஏழு லட்சத்துக்கு மேல். (பயப்பட வேண்டாம், நம் உடம்பிலும், தின்னும் வாழைப்பழத்திலும் இது உண்டு.) பாதி அணுக்கள் சிதைய 125 கோடி ஆண்டு ஆகும் என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது. ஆனால் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு அணுக்களில் ஒன்று இப்போது சிதைந்ததும் மற்றது சிதையாததும் ஏன்? குவாண்டம் கோட்பாட்டின் வழக்கமான விளக்கப்படி, அதற்கு விடை இல்லை என்பதல்ல, அப்படி ஒரு காரணமே இல்லை. மறைந்த காரணம் உண்டு என்று வாதிடும், டேவிட் போம் என்ற இயற்பியலாளர் வழி வந்த விளக்கமும் இருக்கிறது; ஆனால் பெரும்பாலோர் அந்தப் பக்கம் இல்லை.

இதை வைத்து 'காரணமில்லாமல் பிரபஞ்சமும் வந்திருக்கலாம்' என்று தாண்டுகிறவர்களைச் சுவாமிமலைக்கு அழைத்துப் போக வேண்டும். அணு சிதைய, அணு இருந்தது, விதி இருந்தது. முதற்காரணம் இருக்கிறது, நிமித்த காரணம்தான் இல்லை: குயவன் இல்லாத மண். 1982இல் இயற்பியலாளர் விலென்கின் 'ஒன்றுமில்லாததிலிருந்து' பிரபஞ்சம் வருவதாகக் காட்டிய கணக்கிலும் குவாண்டம் விதிகள் அந்த ஒன்றுமில்லாததுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. மறுபக்கம், கஸ்ஸாலியும் அக்குவினாஸும் நம்பும் படைப்பில் நிமித்தம் உண்டு, முதற்காரணம் இல்லை: மண் இல்லாத குயவன். இரண்டு கட்சியும் ஒன்றையொன்று பார்த்து 'இல்லாததிலிருந்து எப்படி வரும்?' என்று கேட்கின்றன. இருவர் சொல்லும் 'இல்லை'யும் வேறு வேறு. சித்தாந்தி இரண்டையும் ஏற்கமாட்டார். மூன்றும் வேண்டும், இல்லது வாராது என்பார். அதற்கு அவர் கொடுக்கும் விலை, தொடக்கமற்றதை ஒன்றுக்கு மூன்றாக வைத்துக்கொள்வது.

என் கணிப்பைக் கேட்டால்: காலவரிசையில் முதல் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பது தேறாது. காரணம் கேட்காத ஏதோ ஒன்றில் போய் எல்லோரும் நிற்கிறார்கள் என்பது தேறும். ரஸ்ஸல் பிரபஞ்சத்தில் நின்றார், இயற்பியலாளர் விதிகளில் நிற்கிறார், கஸ்ஸாலி இறைவனில் நின்றார். நிற்கும் இடத்துக்கு மனம் உண்டா, அது ஒன்றா பலவா என்பதை இந்த வாதம் எதுவும் சொல்லித்தராது. நிமித்தம் தேவை என்று நிரூபிக்க, மண் தானாக வனையாது என்று காட்ட வேண்டும். பொட்டாஷ் மூட்டை அதை முன்பைவிடக் கடினமாக்கிவிட்டது.

எங்கே நிற்பது என்பதில் நாம் தர்க்கத்தை மட்டும் கேட்டு நடப்பதில்லை. தண்ணீர் வராத ஒரு வருடம் பெரியப்பா மதகில் நின்றுகொண்டு, மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரிடம் கேட்டார். "மேல விடலைங்க" என்றார் லஸ்கர். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கேட்டால் கல்லணையைக் காட்டினார்கள். கல்லணை மேட்டூரைக் காட்டும். மேட்டூரில் நீர்மட்டம் இல்லை, மேலே அணைகளில் இல்லை, குடகில் மழை இல்லை. மழை ஏன் இல்லை என்று கேட்க ஆள் இல்லாததால் பெரியப்பா அங்கே நிறுத்திக்கொண்டு, திரும்பி லஸ்கரையே திட்டினார். அவர்தான் கையெட்டும் தூரத்தில் நின்றார்.

காவிரியின் தொடக்கம் என்று நாம் சொல்லும் தலைக்காவிரியில் இருப்பது ஒரு சிறு குண்டம். துலா மாதப் பிறப்பன்று அதில் தீர்த்தம் பொங்குவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். மேட்டூருக்கு வந்து சேரும் தண்ணீரில் ஹேமாவதியும் கபினியும் கொண்டுவருவதைக் கழித்துவிட்டால் நமக்கு என்ன மிஞ்சும் என்று யாரும் பார்ப்பதில்லை. பெயர் அங்கே தொடங்குகிறது. அதே ஐப்பசி முதல் தேதி விடிகாலை, மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் முழங்கால் அளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, தலையில் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிறார்கள். குண்டத்தில் அன்று பொங்கியது இங்கே வர இன்னும் நாளாகும். படித்துறையில் அதற்காக யாரும் காத்திருப்பதில்லை. துணியைப் பிழிந்து உதறிவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டு மேலே ஏறுகிறார்கள்.